வெயிலில் கறுத்த விரல்கள்

இன்டர்மீடியட்டில் எங்களுக்கு ரசாயனம் எடுத்த வாத்தியார் கரும்பலகையில் சமன்பாட்டின் இடது பாதியை மட்டும் எழுதுவார். பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுவார். பிறகு சாக்கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொள்வார். அம்புக்கு அந்தப் பக்கம் என்ன வரும் என்பதை நாங்கள் சொல்லவேண்டும். அவருக்கு அவசரமே கிடையாது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்; இல்லாவிட்டால் மழை விட்டு மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். திருவனந்தபுரத்தில் இரண்டில் ஒன்று எப்போதும் உண்டு.

எனக்கு அந்தக் காத்திருப்பு மிகவும் பிடிக்கும். பையன்கள் நெட்டுருப் போட்டதை ஒப்பிப்பார்கள். முன்பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியான நான் கண்ணை மூடிக்கொள்வேன். சில்வர் நைட்ரேட்டும் சாப்பாட்டு உப்பும் கண்ணாடிக் குழாய்க்குள் சந்திப்பது தெரியும். வெள்ளி, உப்பிலிருந்து குளோரினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, திரிந்த பால்போல் வெள்ளையாக அடியில் இறங்கும். சோடியம் மிஞ்சிய நைட்ரேட்டோடு தண்ணீரிலேயே கரைந்திருக்கும். யாருக்கு யார்மேல் ஒட்டுதல் அதிகம் என்று தெரிந்தால் போதும், வரப்போவதைச் சொல்லிவிடலாம். எங்கள் தெரு ஜோசியரைவிட நான் கெட்டிக்காரி என்று அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்பு.

வீடு ஸ்ரீவராகத்தில். சாயங்காலம் குளத்தங்கரை வழியாக வரும்போதும் பாதிச் சமன்பாடுகள் தலைக்குள் மிதந்துகொண்டே வரும். அம்மா ஆரத்திக்காக மஞ்சளில் சுண்ணாம்பைக் கலக்கும்போது, மஞ்சள் சிவப்பாகிற அந்த ஒரு கணத்தைப் பார்க்க அடுக்களையில் நின்றுவிடுவேன். வாசலில் வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு இங்கே என்ன சொப்பனம் காண்கிறாய் என்று அம்மா திட்டுவாள். பி.எஸ்ஸி.யும் ரசாயனம்தான் படிப்பது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு ஜாதகத்தோடு வந்தாள். கரமனையில் பூர்வீக வீடு, பையனுக்கு மதராஸில் சர்க்கார் உத்தியோகம், ஒரே பிள்ளை. அப்பா தாலுகா கச்சேரியில் வேலை பார்ப்பவர். மதராஸ் சர்க்கார் என்றதும் பாதி சம்மதித்துவிட்டார். பொருத்தம் பார்த்ததும் மீதியும் சம்மதித்தார். மாசியில் கல்யாணம் என்றால் மார்ச் பரீட்சை எழுத நான் இருக்கப்போவதில்லை. இதை நான் சொன்னபோது, கல்யாணத்தைவிடப் பெரிய பரீட்சை என்ன இருக்கிறது என்று அத்தை சிரித்தாள்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் எங்களுக்குப் பிராக்டிகல். சில்வர் நைட்ரேட் பழுப்பு நிறப் புட்டியில் இருக்கும். கையில் படாமல் எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எச்சரிப்பார்கள். நான் கொஞ்சத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பத்து விரல் நுனிகளையும் அதில் நிதானமாகத் தோய்த்தேன். உலரவிட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கென்று நல்ல வெயில். கைகளை முன்னால் நீட்டியபடி ஜனங்களுக்கு நடுவே ஏதோ தூக்கத்தில் நடப்பவள்போல் நடந்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. கோட்டை வாசலைத் தாண்டும்போது லேசான பழுப்பு. குளத்தருகே வரும்போது விரல் நுனிகள் அத்தனையும் கருகருவென்று ஆகியிருந்தன. அவ்வளவு அழகாக ஒரு காரியத்தை நான் அதுவரை செய்ததில்லை.

என் கணக்கு சுலபமானது. கையில் ஏதோ வியாதி என்று நினைத்து அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அம்மா புளி போட்டாள், எலுமிச்சம்பழம் போட்டாள், தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அழுதாள். தோலுக்குள் இறங்கிவிட்ட வெள்ளி அசையவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி.

மறுநாள் வந்தார்கள். நமஸ்காரம் செய்து எழுந்ததும் பையனின் அம்மா என் கையைப் பிடித்துத் தன் கண்ணருகே கொண்டுபோனாள்.

"மருதாணி இப்படிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்லை, கேட்டேளா. ஆம்படையான் இவளைத் தலையிலே வச்சுக் கொண்டாடுவான்."

மருதாணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுக்குப் புருஷனின் பிரியம் என்பது எங்கள் பெண்டுகளின் நம்பிக்கை. அது எனக்கும் தெரிந்ததுதான். சமன்பாட்டில் சேர்க்க மறந்துவிட்டேன். அம்மா சட்டென்று சுதாரித்துக்கொண்டு, நம்மாத்துக் கொல்லைச் செடியாக்கும் என்றாள். என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பஜ்ஜி சாப்பிடும்போது பையனின் மாமா விளையாட்டாக, சட்டியைக் கழுவப்போகிற பெண்ணுக்கு சயன்ஸ் எதற்கு என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காலேஜில் பையன்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவள் என் பெண் என்று குரலை உயர்த்திச் சொன்னார். பையன் தலையை நிமிர்த்தி அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காப்பி டம்ளரை எடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரலிலும் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அந்தக் கறை எனக்குத் தெரியாதா என்ன!

மருதாணி மயக்கத்தில் இருந்த அவருடைய அம்மா, பிள்ளை கை அலம்ப என்னையே ஜலம் கொண்டு கொடுக்கச் சொன்னாள். முற்றத்தில் செம்பை நீட்டினேன். அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவர் குனிந்தபடி மெல்லிய குரலில் கேட்டார்.

"சில்வர் நைட்ரேட்தானே?"

நான் தலையாட்டினேன். மதராஸில் குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற இடத்தில் வேலை, தினமும் தொடுகிற வஸ்துதான் என்றார். தெரியாமல் பட்டதா என்று கேட்டார்.

"தெரிஞ்சேதான். பி.எஸ்ஸி. படிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தண்ணீரைக் கையில் மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தார், செம்பு காலியாகும்வரை.

"இனிமே போட்டுத் தேய்க்காதேங்கோ. தோல் உரிஞ்சு தானாப் போயிடும்."

எனக்கு அதுவரை யாரும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான் வாடி, போடிதான்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குளம் படிவரை நிறைந்தது. வகுப்பில் கண்ணை மூடினால் குழாய்க்குள் எதுவும் நடக்கவில்லை. ஒரு முற்றமும், தண்ணீர் விழுகிற சத்தமும்தான் இருந்தன. மதராஸிலும் காலேஜ் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் கேட்டால் அனுப்புவார். சாயங்காலம் இரண்டுபேருமாகக் கறைபட்ட கையோடு உட்கார்ந்து சாப்பிடலாம். விரட்டுவதற்காக விரலைத் தோய்த்தவள், அவர்கள் சரி என்று சொல்லவேண்டுமே என்று ஸ்வாமிக்கு விளக்கேற்ற ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் அத்தை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. அந்த மாமிக்கு என்னை விட்டுவிட மனசில்லையாம், அழுகிறாளாம். ஆனால் பையன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான் என்றாள். அப்பா காரணம் கேட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காலேஜ்லே படிக்கிற பொண்ணு வேண்டாமாம், அண்ணா. அதை அப்படியே உங்கிட்டே சொல்லணும்னானாம்."

அப்பா ஊஞ்சலிலிருந்து எழுந்துவிட்டார்.

"படிச்சவ வேண்டாமாமா அவனுக்கு? இவ பி.எஸ்ஸி. முடிக்கற வரைக்கும் இந்த ஆத்துக்கு எவனும் ஜாதகம் கொண்டு வரப்படாது. இந்தப் பேச்சு இத்தோட மதி, போதும்."

அப்பாவின் ரோஷத்தில் எதைப் போட்டால் என்ன வரும் என்று, அவரோடு பதினேழு வருஷம் இருந்த எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் கை அலம்பியவர் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அதைத் தெரிந்துகொண்டு போயிருந்தார். நான் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். போனால் போகிறான், அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாள். நான் வேண்டும் என்று கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்தவரை இனிமேல் பார்க்க முடியாது என்றுதான் அழுதேன்.