கொப்பியில் ஐம்பத்தெட்டு

போர்க்காலத்தில் நான் கொழும்புக் கழகமொன்றுக்கு றக்பி விளையாடினேன். கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் எவ்வளவு விரைவில் தேறுகிறது என்று எங்கள் பயிற்சியாளர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகத் தூக்கிய எடை, தூங்கிய நேரம், காலை நாடித்துடிப்பு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவோம். விடுமுறையில் எங்கள் துறைமுக நகருக்கு, ஓர்ஸ் ஹில் பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்தபோதும் எழுதினேன்.

ஒருநாள் காலை, நண்பன் வீட்டில் எடை தூக்கிவிட்டுத் திரும்புகையில், துறைமுகச் சோதனைச் சாவடியில் அந்தக் கொப்பி அகப்பட்டது. தமிழ் தெரிந்த படை அதிகாரி பக்கங்களைப் புரட்டினார்.

"இந்த இலக்கமெல்லாம் ஆருக்கு அனுப்புறீர்?"

"அது நாடித்துடிப்பு, சேர். நான் றக்பி விளையாடுறனான்."

அவர் என் தோளையும் தொடையையும் பார்த்தார். இந்த உடம்பு ஏதோ போராளி முகாமில் பயிற்சி எடுத்தது என்று நினைக்கிறார் என எனக்கு விளங்கியது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். கொப்பியில் ஐம்பத்தெட்டு, கையில் நூற்றுப்பத்து.

"பொய் எழுதியிருக்கிறீர்."

"பயத்திலை கூடும், சேர். கொஞ்சம் இருக்க விடுங்கோ, குறையும்."

"குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

மண்மூட்டைகளுக்கருகே கதிரையில் இருத்தினார்கள். பயிற்சியில் பழகியபடி கண்ணை மூடி மூச்சை மெதுவாக விட்டேன். சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு துள்ளியது. மத்தியானம், மூன்றாவது முறை எண்ணியபோது எழுபது. அதைக் கொப்பியின் அடுத்த வரியில் அவரே எழுதினார்.

"போம்."

கொப்பியை அவர் தரவில்லை. கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. என்னை நம்பித்தான் விட்டாரா, பின்தொடரச் சொல்லி விட்டாரா என்று தெரியாமல், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தேன். விடுமுறை முடியுமட்டும் நான் எடை தூக்கவேயில்லை.