கன்ட்ரோல் பட்டனும் குணசுந்தரியும்

சடையங்குப்பத்துக் குணசுந்தரிக்கு ஒரு வியாதி உண்டு. எது நின்றாலும் ஏன் நின்றது என்று தெரியாமல் அவளால் சும்மா இருக்க முடியாது. புது மிக்ஸியை வாங்கிய அன்றைக்கே கழற்றிப் போட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், லாரிக்கு எடை போடும் அறையில் வேலை. கலர் திரையில் கேமரா காட்டும் வண்டி நம்பரைப் பார்த்துக்கொண்டு, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் படம் கிடம் கிடையாது, வெறும் எழுத்துதான். அங்கே நம்பரைத் தட்டினால் எடைச்சீட்டு.

சில சமயம் எழுத்தே விழாது. கன்ட்ரோல் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி, எதைத் தட்டினாலும் கோணல்மாணலாக ஏதோ வரும்.

முதலாளி சுப்புராஜ் அண்ணாச்சி காரணத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்: டீ. என்றைக்கோ ஒருநாள் அவள் கீபோர்டில் டீயைக் கொட்டியது உண்மைதான். அப்புறம் கீபோர்டையே மாற்றியாயிற்று, அறைக்குள் டீ குடிப்பதையும் அவள் விட்டாயிற்று. பழி மட்டும் போகவில்லை.

"இனி ஒருக்கா மாட்டுச்சுன்னா நீ கேட்டுக்குப் போயிரு. என் அக்கா மவன் ஷிபின இங்க உக்கார வைக்கேன்" என்று சொல்லிவிட்டார். கேட்டில் வெயிலில் நின்று வதங்கி, போதும் சாமி என்று இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். பயந்துதான் போனாள். ஆனால் பயத்தைவிட அரிப்பு பெரிதாக இருந்தது. புதுக் கீபோர்டும் ஏன் மாட்டுகிறது?

கவனித்துப் பார்த்தாள். நிதானமாக அழுத்தினால் மாட்டுவதில்லை. டிரைவர் டில்லிபாபு வந்தால்தான் வம்பு. அவன் விடாமல் ஆரன் அடிப்பான். இவள் பதறி, மூன்று பட்டனையும் தட்டிவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துவிடுவாள்.

அடுத்த முறை அவன் வந்ததும் ஜன்னல் வழியே கத்தினாள்: "டில்லி, ஆரன அட்ச்சிகினே இரு, நிறுத்தாத!"

"இன்னாக்கா, திட்டுவேன்னு பாத்தா இப்டி சொல்ற?"

அடித்தான். மாட்டியது. அவள் ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தாள். கன்ட்ரோலை ஒருமுறை அழுத்தி விட்டாள், ஆல்ட்டையும். எழுத்து ஒழுங்காக விழுந்தது.

பட்டன் மாட்டவே இல்லை! அழுத்தியதைப் பார்த்த கம்ப்யூட்டர், திரை மாறுகிற நேரத்தில் விரலை எடுத்ததைப் பார்க்கவில்லை. அவள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அண்ணாச்சியை அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "நீங்களே அழுத்துங்க அண்ணாச்சி. டக்குனு கைய எட்துருங்கோ."

அழுத்தினார். மாட்டவில்லை.

"இன்னும் அவுசரமா தட்டுங்க, வெளிய வண்டி கத்திகினு கீதுன்னு நெனச்சிக்கினு."

தட்டினார். எழுத்து விழவில்லை. மறுபடி தட்டினார், கோணல்மாணல். அண்ணாச்சி குனிந்து கீபோர்டை மோந்து பார்த்தார். அப்புறம் தன் விரலைப் பார்த்தார்.

குணசுந்தரி கையை நீட்டி கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் ஒருமுறை அழுத்தி விட்டாள். நம்பர் விழுந்தது.

"இம்புட்டு நாளும் ஒன்னையல்லா ஏசிட்டு இருந்தேன்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது.

"வண்டி வந்துகீது அண்ணாச்சி" என்றாள். "எந்திரிங்க, நான் ஒக்காரணும்."