தோள்வலி என்று சொன்ன அம்மா

அம்மா பிறந்த தேதி எங்கும் பதியப்படவில்லை. மாத்தளையில் தேர் ஓடிய மறுநாள், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசைவீடு ஒன்றில் பிறந்ததாகச் சொல்வார். அதைக்கொண்டே அவருடைய பிறந்தநாளைக் கணித்து வந்தேன். எனக்கு எட்டு வயதிலும் தங்கைக்கு மூன்று வயதிலும் அப்பா காலமானார். கொழுந்துக் கூடையோடு மழையில் நனைந்தே அம்மா எங்களைப் படிக்கவைத்தார். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் நான் வீடெடுத்த பிறகுதான் மலையை விட்டு இறங்கினார்.

அம்மாவுக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்தபோது, அடைப்பெல்லாம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று அப்போது பார்க்க வந்த, இன்று அவருடைய திதிக்குக் கூடியிருக்கும் உங்களிடம் நானே சொன்னேன். மாதாந்தக் கிளினிக்குக்கு நான்தான் அழைத்துப் போவேன். வைத்தியருக்குத் தமிழ் வராது. அம்மாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். ஆகவே அம்மா சொல்வதை நான் சிங்களத்தில் சொல்வேன்.

ஒரு தீபாவளி கழிந்த மாதம், வேறு ஏதும் வருத்தம் உண்டா என்று வைத்தியர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, இடது தோள் குத்துகிறது என்றார். காலமெல்லாம் கூடை சுமந்த உடம்பு என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். பூசத் தைலம் கிடைத்தது. சித்திரை வருடப்பிறப்பு வரை மாலைதோறும் அந்தத் தோளை அமுக்கிவிட்டேன். "போதும் தம்பி, கொறைஞ்சிருச்சி" என்பார். கோயில் படியில் பாதியில் நின்று சேலையைச் சரிசெய்வார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சித்திரை முடிந்தபின் போன கிளினிக்கில், மருந்து எடுத்துக்கொண்டு திரும்பியவன் கதவருகே நின்றேன். உள்ளே பிரஷர் பார்த்த சிங்களத் தாதியிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"மிஸ், பப்புவ ரிதெனவா. நகினகொட்ட ரிதெனவா."

நெஞ்சு வலிக்கிறது, மேடு ஏறும்போது வலிக்கிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தாதி கேட்டார். மகன் முன்னால் வெட்கம் என்று அதையும் சிங்களத்திலேயே அம்மா சொன்னார்.

பரிசோதித்ததில், பொருத்திய குழாய் ஒன்று மீண்டும் சுருங்கியிருந்தது. பைபாஸ் செய்தாலும் இந்த நோய் அடியோடு போவதில்லை என்று வைத்தியர் விளக்கினார். மருந்துகளை மாற்றி, வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் தந்தார். அதற்கும் அடங்காவிட்டால் உடனே கொண்டுவரச் சொன்னார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நெஞ்சுன்னா எந்த எடம்னு தொட்டுக் காட்டச் சொல்லுவாரு. ஒன்னைய வச்சிக்கிட்டு மாரத் தொட்டுக் காட்டவா? அதான் தோளுன்னேன். நீயும் நல்லாத்தான் அமுக்குன."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பின் கிளினிக்குக்குத் தங்கையே கூடப் போனாள். மேலும் இரண்டு ஆடி அமாவாசைகளை அம்மா கண்டார்.

போன வருடம் மூன்றாவது ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முந்திய காலை, மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் தம் இடது மார்பின்மேல் வைத்தார். "இங்கதான் தம்பி" என்றார். அன்று பகல் ஆஸ்பத்திரியில் கண்மூடினார்.

அம்மாவை ஏற்றிப் பறந்த முச்சக்கர வண்டிக்காரத் தம்பிக்கும், அன்று முதல் முப்பத்தோராம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், இந்த ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி. அந்தத் தாதிக்கும் நன்றி. எந்த நாளையும் மறக்காதவன் என்று உறவினர் என்னைச் சொல்வார்கள்; அந்தத் தாதியின் பெயரோ எனக்குத் தெரியாது. அன்று கதவைத் தாண்டி உள்ளே போய் அதைக் கேட்க எனக்கு முகமிருக்கவில்லை.