பதுளைக்கு ஒரு பேட்டரி

சனிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியபோது என் மடியில் ஒரு பேட்டரி இருந்தது. பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் காதர் நானாவின் ரேடியோவுக்கு உயிர் கொடுக்க வேண்டிய பேட்டரி. "உள்ளே திராவகம், சாய்த்துவிடாதீர்கள்" என்று விற்றவர் எச்சரித்தார். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் சாயாமல் உட்காரும் வித்தையை அவர் சொல்லித் தரவில்லை. நானுஓயா வருவதற்குள் என் புது வேட்டி ஓட்டையாகிவிட்டது. எதிரே இருந்த அம்மாள், "வெடிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையோடு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். கால் நீட்ட இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

இத்தனை பாட்டுக்கும் காரணம் முத்து. கொழும்பில் நான் சாப்பிடும் ஹோட்டலில் வேலை பார்க்கிறவன், பதுளைக்கு அருகே நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். நன்றாகப் பாடுவான். ஞாயிறு மாலை கொழும்பு ஒலிபரப்பில் பாட அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. "எங்க ஊர்ல கேக்குமாங்க?" என்று என்னிடம் கேட்டான். அந்தப் பக்கத்தில் ரேடியோ இருந்தது நானாவிடம்தான்; அந்த நேரம் பார்த்து அதன் பேட்டரி செத்துப் போயிருந்தது.

ஞாயிறு காலை பண்டாரவளையில் இரண்டு சதத்துக்குச் சூடான தேநீர். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து, சற்று முன் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. பதுளை வரை தண்டவாளம் போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. ஆகவே வண்டியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு நானாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்ற சாமான்களோடு இந்த ரேடியோப் பெட்டியும் வந்ததாம். ஒலியைப் பிடிக்கக் கூரையிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பலாமரம் வரை நானா கம்பி கட்டினாராம். முதல் வாரம் முழுக்க இரைச்சல்தான். மழைச் சத்தம் கேட்கவா இந்தச் செலவு என்று ஊர் சிரித்தது. ஒருநாள் மாலை கொழும்பு பேசியதும் சிரித்தவர்களே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"முத்துவோட அப்பா வருவாரா?" என்றேன்.

நானா உதட்டைப் பிதுக்கினார். "பெரியண்ணன் கங்காணியா? மகன் பேரை எடுத்தாலே எழும்பிப் போயிருவாரு. காமன் கூத்துல நல்லா ஆடினவங்களுக்குக் கங்காணி துண்டு போர்த்தணும், அது தோட்டத்து வழக்கம். முத்து ரதி வேசம் கட்டினான். எல்லாருக்கும் போர்த்தினாரு. பொம்பள வேசம் கட்டிட்டான்னு மகனுக்கு மட்டும் போர்த்தல. விடிஞ்சு வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேர் கூப்பிடுறப்போ அவன் லயத்து வீட்டுல இல்ல."

ஹோட்டலில் தினமும் பார்க்கிற பையன், இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மாலை ஐந்தரைக்குக் கடைக்கு முன்னால் தெரு நிறைந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"சரிகைத் துண்டு காட்டுங்க, நானா."

"வீட்டுல விசேசமா?"

"துண்டு காட்டுங்க."

ஒன்றும் பிடிக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே நேரத்தைப் போக்கினார். ஆறு மணிக்குப் புதுப் பேட்டரியில் ரேடியோவின் இரைச்சல் ஓய்ந்து, ஊமத்தம்பூ மாதிரி விரிந்த குழலிலிருந்து முத்துவின் குரல் வந்தது. தெருவில் ஒருவர்கூட இருமவில்லை. கங்காணி கையிலிருந்த துண்டை அப்படியே பிடித்தபடி நின்றார். பாட்டு பாதியில் இருக்கும்போது ரேடியோவிடம் நடந்து போய், அந்தத் துண்டை விரித்துக் குழலின்மேல் போர்த்தினார். குரல் அமுங்கிப்போயிற்று.

"ஐயோ, பாட்டு கேக்கல!" என்று வெளியே கத்தினார்கள். துண்டை எடுக்க நானா கை நீட்டவில்லை. கத்தியவர்களே உள்ளே நெருங்கி வந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்கள். நானும் கேட்டேன். அந்த நிமிஷத்தில் ஓட்டை வேட்டி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

திங்கள் காலை பதுளை ஸ்டேஷனில் வண்டி புறப்படும் நேரம், கங்காணி ஜன்னலருகே வந்தார்; நான் முத்துவுக்குத் தெரிந்தவன் என்று நானா சொல்லியிருக்க வேண்டும். நேற்றைய அதே துண்டை மடித்து நீட்டினார்.

"அவன்கிட்ட குடுத்துருங்க."

"கொடுக்கும்போது என்ன சொல்லட்டும்?"

"தோட்டத்துல குடுத்தாங்கன்னு சொல்லுங்க."

வண்டி அசைந்தது. அவரும் கூடவே நடந்து வந்தார், பிறகு வேகமாக நடந்தார்.

"இல்லைங்க, அப்பா போர்த்தினதுன்னு சொல்லுங்க!"