கனகமணியின் கான்பூர் ஹிந்தி

எங்கள் பட்டாசு கம்பெனி ஆபீசில் போன் எடுப்பவள் கனகமணி. ஆமத்தூர்க்காரி. லேபிள் ஒட்ட வந்து, கம்ப்யூட்டர் படித்து, ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவள். அவளைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வந்துவிட்டுப் போகட்டும், போர்மேனான நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்தேன்.

இரண்டாயிரத்து ஆறில், வடநாட்டு ஆர்டர்களைப் பேசி வாங்கிய ஏஜெண்ட் சீசனுக்கு முன்னால் விலகிக்கொண்டார். முதலாளி லட்சுமிகாந்தம் கனகமணியிடம், "ஹிந்தி தெரிஞ்ச ஆளு மதுரையில இருந்து வாராரு. நீ திரும்ப லேபிளுக்கே போயிரு" என்றார்.

"ஒரு மாசம் பொறுங்க முதலாளி, நானே படிச்சுருறேன்" என்றாள் கனகமணி. முதலாளி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹிந்தி கற்றுத்தரும் சிடி ஒன்று வாங்கி வந்தாள். படத்தை அழுத்தினால் குரல் வார்த்தையைச் சொல்லும். ஆப்பிள், ஒட்டகம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இருந்தன. ஒரு புஸ்வாணத்தைக் காணோம்.

"ஒட்டகத்துக்கா அண்ணாச்சி நாம ஆர்டர் எடுக்கப் போறோம்?" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, தானே ஒன்று செய்யத் தொடங்கினாள். எங்கள் லேபிள்களையே ஸ்கேன் செய்து படமாக்கினாள். குரலுக்கு, லோடு ஏற்றக் காத்திருந்த, கொஞ்சம் தமிழ் பழகிய கான்பூர் லாரி டிரைவரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து மைக் முன்னால் உட்காரவைத்தாள். மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் அங்கே என்ன பெயர், ஆர்டரை எப்படிக் கேட்பது என்று எல்லாம் அவர் வாயாலேயே பதிவானது. சாப்பாட்டு நேரமெல்லாம் லேபிளை அழுத்தி அழுத்திக் கூடவே சொல்லிப் பார்ப்பாள்.

ஒருநாள் கான்பூரின் பெரிய வியாபாரியே கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"அரே பாய், கித்னீ பேட்டி பேஜூன்?" என்றாள்.

எத்தனை பெட்டி அனுப்பட்டும் என்று சரியாகத்தான் கேட்டாள். ஆனால் டிரைவர் எதையும் 'அரே பாய்' என்றுதான் ஆரம்பிப்பாராம்; இவள் அதையும் பாடமென்று படித்துவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதரை 'அட தம்பி' என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

மறுமுனையில் ஒரே சிரிப்பு. அப்புறம் இருவரும் பேசினார்கள், பேசினார்கள், கனகமணி ஆர்டரை எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா சொன்னாரு?" என்றார் முதலாளி.

"எந்த லாரியில ஹிந்தி படிச்சேன்னு கேட்டாரு. நம்ம லேபிளைப் பாத்துப் படிச்சேன்னேன். இனிமே என்கிட்டதான் பேசுவாராம் முதலாளி."

முதலாளி அந்த போனிலேயே மதுரை ஆளின் எண்ணை அழுத்தினார். "நீங்க வர வேண்டாம். எங்க ஆபீஸ்லயே ஹிந்தி தெரிஞ்சவுக இருக்காக."