சீரோடு வந்த ஹார்ட் டிஸ்க்

போன வாரம் பீளமேட்டிலிருந்து அண்ணி போன் செய்தார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

"அம்மணி, நேத்து இடி இடிச்சப்ப கரண்ட் எகிறி கம்ப்யூட்டர் போயிருச்சு. காப்பி எடுத்து வெச்ச டிஸ்க்கும் அதுலயே செருகியிருந்துச்சா... அதும் போயிருச்சு. ஆடி நோம்பிக்குக் குடுத்து உட்டது உங்கிட்ட இருக்குதல்ல?"

"இருக்குதுங்க நங்கையா. பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில."

அண்ணியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆபீஸ் போய் வரும் நேரம் போக, சம்பளமில்லாத வேலை ஒன்றும் பார்க்கிறார். பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார். புத்தகம் முழுவதும் முடிந்து, பிழை திருத்திய பிறகுதான் அனுப்புவார். இந்த முறை வரலாறு. பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சரண்யா என்கிற மாணவி தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, பீளமேட்டு டிஸ்க் உடுமலைப்பேட்டையில் என் பீரோவுக்கு எப்படி வந்தது?

எங்கள் பக்கம் பண்டிகை என்றால் நோம்பி. ஒவ்வொரு நோம்பிக்கும் அண்ணன் எனக்குச் சீர் கொண்டு வருவார் – புடவை, பழம், பலகாரம். சில வருடங்களாக அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வருகிறது. புதுக் காப்பி என்னிடம் இருக்கும். பழையது பீளமேட்டுக்குத் திரும்பிப் போகும். எல்லாம் அண்ணியின் ஏற்பாடு! ஒரே வீட்டில் எத்தனை காப்பி வைத்தாலும், அந்த வீட்டுக்கு ஒன்று ஆனால் அத்தனையும் போய்விடும் இல்லையா?

நாமெல்லாம் காப்பி எடுப்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறோம். தங்கச்சிக்குச் சீர் கொண்டு போவதை எந்த அண்ணனாவது தள்ளிப்போட முடியுமா? சொந்தபந்தம் விடுமா? அதைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு இது ஓயாத கிண்டல். "ஏனுங்க மச்சான், முறுக்குக்கு நடுவால இதென்னுங்க, கரண்ட் பெட்டி?"

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணி தன் ஆபீஸ் லேப்டாப்பைத் தயாராக வைத்திருந்தார். கேபிளைச் செருகினார்...

ஒன்றுமில்லை. விளக்குகூட எரியவில்லை. அண்ணன் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கேபிள் செருகும் ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது.

"இதென்னது அம்மணி... சந்தனமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுத பூஜை! மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், பீரோவைத் திறந்து இதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். இதுவும் மெஷின்தானே? மோட்டாரும் மெஷினும் சோறு போடுகிற ஊரில் பிறந்தவள், இதை மட்டும் விட்டுவிடுவேனா?

வேறு யாராக இருந்தாலும் என்னை வறுத்தெடுத்திருப்பார்கள். அண்ணி சிரித்துவிட்டார். "நல்லவேளை கண்ணு, எலுமிச்சம்பழத்த அடியில வெச்சு நசுக்காம உட்டியே!"

பிறகு பல்குச்சியால் அந்தச் சந்தனத்தைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். மெல்ல ஊதினார். பிரஷ்ஷால் தட்டினார். மறுபடி செருகினார்.

நீல விளக்கு எரிந்தது! மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். பாடங்கள் வரிசையாகத் திரையில் வந்தன. ஆடிக்குப் பிறகு வாசித்த கொஞ்சம்தான் இல்லை.

"அது கெடக்குது. ஞாயித்துக்கெழம உக்காந்து படிச்சுப்போடறேன்" என்றார் அண்ணி, சாதாரணமாக.

அடுத்தவர் பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு மெனக்கெடுகிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிறார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அதை அவரிடம் நேரில் சொல்ல வராமல்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இருப்பதையெல்லாம் அன்றைக்கே சரண்யாவுக்கு அனுப்பிவிட்டோம். "அவசரத்துல திருத்தாம அனுப்பிட்டேன் சாமி, மன்னிச்சுக்கோ" என்றார் அண்ணி. சாயங்காலம் சரண்யா போன் செய்தாள்.

"அக்கா, திருத்தறப்ப பாடத்துக்கு நடுவால கேக்குற அந்தக் குக்கர் விசில மட்டும் எடுத்துராதீங்க. பரீட்சைல அத நெனச்சாத்தான் எனக்குப் பதிலே ஞாபகம் வருமுங்க!"