கடல் நாற்பது சென்டிமீட்டர் உயர்ந்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. சமயநல்லூர் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். (ஆமாம், ஞாயிறு என்றால் அது என் இலாகா!) டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. ஜப்பானில் நிலநடுக்கம்… அளவு ஏழு… சுனாமி எச்சரிக்கை.

என் மனைவி மலர், ஈரத்துணி வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஒரே தம்பி சரவணன் அங்கேதான் இருக்கிறான். டிவியில் சொன்ன அதே கடலோரம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவனோடு மலர் பேசி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் மகளின் காதுகுத்துக்கு லீவு கிடைக்காமல் அவன் வரவில்லை. மதுரைப் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை உட்காரவைத்துச் சமாளித்தோம். அன்றிலிருந்து சரவணன் போன் செய்தால் மலர் எடுப்பதில்லை.

இப்போது இவள் அடிக்கிறாள். லைன் போகவில்லை. மறுபடி… மறுபடி…

"ஏழுதானே மலர்? ஆறை விட ஒண்ணுதான் ஜாஸ்தி" என்றேன், ஆறுதலாக.

மாடி வீட்டு மும்தாஜ் செய்தி பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார். பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, சும்மா இருங்க. ஒரு நம்பர் கூடுனா நில அதிர்வு அலை பத்து மடங்கு பெருசு. வெளியாகுற சக்தி முப்பது மடங்குக்கும் மேல."

நான் வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

மும்தாஜ், மலர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த ஏழு, மொத்த நடுக்கத்துக்கும் ஒரே நம்பர் மலரு. தம்பி இருக்க எடத்துல எம்புட்டு ஆடுச்சுங்கிறது வேற. எம்புட்டு தூரம், எம்புட்டு ஆழம், என்ன மண்ணு… ஊருக்கு ஊரு மாறும்."

"தண்ணி?"

"அது கரைக்கு வந்தப்புறந்தான் சரியாத் தெரியும்" என்றார் மும்தாஜ், மெதுவாக.

திண்டுக்கல் ரயில் ஒன்று கடந்துபோனது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. தினமும் அதிர்வதுதான். அன்றைக்குத்தான் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

அரை மணி நேரம் கழித்து வீடியோ கால்.

சரவணன் ஒரு குன்றின் மேல், பள்ளிக்கூட மைதானத்தில் நின்றிருந்தான். பின்னால் நூறு பேராவது இருப்பார்கள். ஒரு சத்தம் இல்லை! எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கேன்க்கா. எங்க ஊருக்கு நாலுன்னு போட்டிருக்கான்."

"டிவியில ஏழுங்கிறான்?"

"அது பூமியோட நம்பர்க்கா. இது என் ரூமோட நம்பர். எம்புட்டு ஆடுச்சுன்னு இங்க ஊர் ஊராத் தனி நம்பர் போடுவான். லைட்டு ஊஞ்சலாட்டம் ஆடுச்சு, அலமாரியில இருந்து ஒண்ணு ரெண்டு கீழ விழுந்துச்சு, அம்புட்டுத்தான்."

பிறகு போனைக் கடல் பக்கம் திருப்பினான். நுரையில்லை, இரைச்சலில்லை. துறைமுகத்துத் தண்ணீர், யாரோ தூக்கத்தில் மூச்சை இழுப்பதுபோல மெல்ல மெல்ல மேலே வந்தது. கட்டியிருந்த படகுகள் ஒரே பக்கமாகத் திரும்பின. ஒரு பெரிய மீன்பெட்டி தானாக மிதந்து போயிற்று. அழகாகக்கூட இருந்தது… அதுதான் பயம்.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். "இதுவரைக்கும் நாப்பது சென்டிமீட்டராம்" என்றான்.

"முழங்கால் அளவுதானா மாப்ள?" — நான்தான். திருந்துவேனா?

"அது தேங்கி நிக்கிற தண்ணி இல்ல மச்சான். பின்னாடி மொத்தக் கடலும் தள்ளிக்கிட்டு வருது. ஆளைச் சாச்சுப்புடும். அடுத்த அலை இதைவிடப் பெருசா வந்தாலும் வரும். இறங்கச் சொல்ற வரைக்கும் இங்கதான்."

மலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். அவன்தான் மெதுவாகக் கேட்டான்.

"பாப்பா காது ஆறிருச்சாக்கா?"

மலர் உடைந்துபோனாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: "அது எப்பவோ ஆறிருச்சுடா."

"பொங்கலுக்கு வாரேன்க்கா."

"வா. லீவு இல்லன்னு மட்டும் சொல்லிறாத!"

மாலையில் எச்சரிக்கையை விலக்கினார்கள். அந்த நாற்பது சென்டிமீட்டருக்குப் பிறகு வந்த அலைகளெல்லாம் சின்னவை. இறங்கிவிட்டேன் என்று செய்தி அனுப்பினான்.

பூமி அசையாமலேயே இருவரும் இதைப் பேசியிருக்கலாம்தான்… நாம் எங்கே பேசுகிறோம்?